புதுத் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு போ

தாரணிக் கண்ணு,

போன வாரம் உன் கைப்பேசிக்கு நான் அனுப்பிய படத்தை முதலில் அழித்துவிடு. இரண்டு இலக்கு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம். இடது பக்கம் நம் பழைய துப்பாக்கி சுட்டது, வலது பக்கம் நீ புதிதாக வாங்கிய ஜெர்மன் துப்பாக்கி சுட்டது. இடது அட்டையில் ஓட்டைகள் நெருங்கி இருந்தன, வலது அட்டையில் சிதறிக் கிடந்தன. அதன் கீழே, "பழசுதான் கண்ணு ஜெயிச்சுது" என்று எழுதியிருந்தேன். நீயும் நம்பிவிட்டு, "சரிங்கப்பா, அப்பப் பழசையே எடுத்துக்கறேன், நீங்க கூட வருவீங்கல்ல?" என்று கேட்டாய். வருவேன் என்றேன். அந்த அட்டைகள் இரண்டும் நிஜம். ஆனால் அவை சொல்லும் முடிவு நிஜம் இல்லை, அதை அப்படி வரச் செய்தவன் நான்தான். மாநில அணித் தேர்வுக்கு நீ புதுத் துப்பாக்கியைத்தான் கொண்டுபோக வேண்டும். எந்தத் துப்பாக்கி என்பதை வெள்ளிக்கிழமைக்குள் பதிந்தாக வேண்டும் என்றாயே, அதனால்தான் இந்த அவசரம்.

போனில் சொல்லத்தான் இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ எடுத்ததும் "சாப்டீங்களாப்பா, கால் வலி எப்படி இருக்குது" என்று ஆரம்பித்தாய். கால் பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மாங்காய் எடுத்துப் போக மாப்பிள்ளை கார்த்தி நாளைக்கு இங்கே பெருமாட்டிக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கார்த்தியும் படிக்கட்டும், ஒளிக்க ஒன்றும் இல்லை. மாமனாரின் லட்சணம் இப்போதே தெரிந்துகொண்டால் பின்னால் அவருக்கு ஏமாற்றம் இருக்காது. நான் கோபக்காரன் என்று ஊருக்கே தெரியும், உனக்கு அதிகமாகவே தெரியும். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் நான் பொய் சொல்லமாட்டேன் என்று நீ நம்பியிருந்தாய். அந்த நம்பிக்கையில்தான் நான் கை வைத்துவிட்டேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நடந்ததை முறையாகச் சொல்ல வேண்டுமென்றால் பழைய துப்பாக்கியில் இருந்து தொடங்க வேண்டும். நெல்லியாம்பதியில் தோட்டத்தை விற்றுவிட்டுக் கிளம்பிய ஒருவரிடம் அதை வாங்கியபோது நீ பிறக்கவில்லை. கடலைக்காட்டில் பன்றி புகுந்து ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போன வருடம் அது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று மனுப் போட்டு லைசன்ஸ் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாயின்ட் டூ டூ தோட்டா பன்றிக்கு ஆகாது, அட்டைக்குத்தான் ஆகும் என்று. சுண்டுவிரல் நுனி அளவு தோட்டாவை வைத்துக்கொண்டு பன்றியைச் சுட்டால் அது செத்தும் தொலையாது, வலியோடு அலையும். ஒரு முறைகூட நான் அதைப் பன்றி மேல் சுடவில்லை. வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டுவதோடு சரி. உன் அம்மா, "இதுக்கு ரெண்டு கட்டுப் பட்டாசு வாங்கியிருந்தா ஆச்சே" என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள். நீ கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து, முதல் நாள் சுட்டுவிட்டு வந்து அந்த அட்டையை என் கையில் கொடுத்தபோதுதான் அதற்கு ஒரு வேலை வந்தது. ஐந்து ஓட்டையும் கறுப்பு வட்டத்துக்குள் இருந்தது. நான் அன்றைக்கு மாட்டுக்குத் தீவனம் வைக்க மறந்துபோனேன்.

லைசன்ஸ் என் பெயரில். அதனால் நீ அதைச் சுட வேண்டுமென்றால் நான் கூட இருக்க வேண்டும், அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவன் எவனோ, அவனுக்கு நான் மனதுக்குள் எத்தனையோ நாள் கும்பிடு போட்டிருக்கிறேன். திருச்சூர், ஆலுவா, கொல்லம், திருவனந்தபுரம் என்று நீ போன இடமெல்லாம் நானும் வந்தேன். ரயிலில் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினேன். துப்பாக்கி என்று கேட்டதும் லாட்ஜில் ரூம் இல்லை என்பான். நான் சத்தம் போடுவேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, நீங்க சத்தம் போட்டா அவனுக்கு இன்னும் பயமாகும்" என்று சொல்லிவிட்டு, சிரித்துப் பேசி ரூம் வாங்குவாய். ஒரு தடவை கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா, "நீங்க எனக்குக் காவலா வர்றீங்களா, துப்பாக்கிக்குக் காவலா வர்றீங்களா?" என்று. ரெண்டுக்கும்தான் என்றேன். அது உண்மையில்லை. துப்பாக்கிக்குக் காவல் என்பது சாக்கு. வயல், தண்ணீர் முறை, தேங்காய் விலை என்று கிடந்த மனிதனுக்கு மகளோடு ஊர் ஊராகப் போக அந்தப் பெட்டி ஒரு சாக்கு.

ஒவ்வொரு போட்டியிலும் துப்பாக்கியைச் சோதிக்கும் மேசையில், லைசன்ஸ் யார் பெயரில் என்ற ஒரே கேள்விதான் வரும். பெட்டியைத் திறந்து, நம்பரைப் பார்த்து, "லைசன்ஸி ஆரா?" என்பார்கள். நீ உடனே திரும்பிப் பின்னால் நிற்கும் என்னைப் பார்ப்பாய். நான் ஒரு அடி முன்னால் வந்து, "ஞானாணு" என்பேன். மலையாளத்தில் எனக்கு ஒழுங்காக வரும் வார்த்தை அது ஒன்றுதான் என்று நீ கேலி செய்வாய். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது என் நெஞ்சு எப்படி நிமிரும் தெரியுமா? சுடுவது நீ, பரிசு வாங்குவது நீ. ஆனாலும் 'நான்தான்' என்று சொல்ல எனக்கும் ஒரு இடம் இருந்தது.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்த வருடம் நடந்தது உனக்கு மறந்திருக்காது. தேர்தல் என்றால் லைசன்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். விளையாட்டுக்காரர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் லைசன்ஸ் இருந்தது என் பெயரில், அதுவும் பயிர்ப் பாதுகாப்புக்கு. கலெக்டர் ஆபீசில் மனுவோடு உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. ஓட்டு எண்ணி முடிந்த பிறகு வாங்கப் போனால், அங்கே இருந்த ஒரு நல்ல மனுஷன் துருப் பிடித்துவிடக் கூடாதே என்று குழலுக்குள்ளும் போல்ட்டிலும் எண்ணெயை ஊற்றி, மரக்கட்டைக்கும் பூசி, குளித்த எருமை மாதிரி பளபளவென்று வைத்திருந்தார். நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு நேராகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போனோம். அங்கே சோதனைக்கு இரண்டே தோட்டாதான் கொடுத்தார்கள். நீ சுட்ட முதல் ஓட்டைகளெல்லாம் மேலேயும் பக்கத்திலும் ஓடின. நான் தெரியாமல், "கவனம் எங்கடி போச்சு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். பஸ்ஸில் நீ சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாய். சித்தூர் வந்த பிறகுதான், "அப்பா, கடைசி அஞ்சு தோட்டா சரியாத்தான் விழுந்துச்சு. ஆரம்பத்துலதான் ஓடுச்சு. எண்ணெயா இருக்குமா?" என்றாய். மறுநாள் எண்ணெய் போட்டும், துடைத்தும், சுட்டுப் பழக்கிய பிறகும் என்று மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தோம். நீ சொன்னதுதான் சரி. எண்ணெய் போட்டுத் துடைத்த குழல் முதல் தோட்டாக்களைத் தன் இஷ்டத்துக்கு அனுப்பும். கொஞ்சம் சுட்டு, உள்ளே ஈயமும் மெழுகும் படிந்த பிறகுதான் நிலைக்கு வரும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்பது இப்போது புரியும்.

உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே விளையாட்டு வீராங்கனை என்று உன் பெயரிலேயே லைசன்ஸ் வந்துவிட்டது. கோயமுத்தூரில் சுடுவதை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து அந்த ஜெர்மன் துப்பாக்கியையும் நீயே பேசி வாங்கினாய். சீர்த்தட்டுகளை அடுக்கும்போது உன் பெரியமாமன், "ஏம் மாப்ள, சீர்ல துப்பாக்கியும் வெச்சிருக்கீங்களா? பையன் பாவம்!" என்று கேட்க, பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் துப்பாக்கியைப் பார்த்த முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. மரமே இல்லாமல் அலுமினியக் கட்டை, எங்கே பார்த்தாலும் திருகு, கன்னத்துக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று. இது துப்பாக்கியா, பல் டாக்டர் நாற்காலியா என்று கேட்டேன். நீ கல்யாணமாகி மூணாறுக்குப் போன பிறகு அது துப்பாக்கிச் சங்கத்து ஆயுத அறையிலேயே கிடந்தது. தேர்வு நெருங்கியதும் நீ, "எனக்கு இறங்கி வர முடியலப்பா. வர்கீஸ் சாரை வெச்சு ரெண்டையும் சுடச் சொல்லி நீங்களே பாத்துச் சொல்லுங்க, நீங்க சொன்னாச் சரி" என்றாய்.

அன்றைக்குக் காலையில் சங்கத்தின் சுடும் ரேஞ்சுக்குப் போனேன். காற்றே இல்லை. கணவாய்க் காற்று இல்லாத நாள் நம் பக்கத்தில் எத்தனை வரும்? தென்னங்கீற்று ஆடவில்லை, கொடி தொங்கிக் கிடந்தது. துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் வர்கீஸ் மணல் பைகளை அடுக்கி, ஐம்பது மீட்டரில் அட்டை கட்டினார். மணல் பை மேல் வைத்துச் சுட்டால் சுடுகிறவரின் குறை தெரியாது, துப்பாக்கியின் குணம் மட்டும் தெரியும். எந்தத் தோட்டா என்று கேட்டார். ரெண்டுக்கும் ஒரே தோட்டா, அந்த நீல டப்பா என்றேன். கேட்பவர்களுக்கு எவ்வளவு நியாயமாக இருக்கும் பார். ஒரே நாள், ஒரே ஆள், ஒரே மணல் பை, ஒரே தோட்டா. ஆனால் அந்த நீல டப்பா எது? நம் பழைய துப்பாக்கிக்கு எது பிடிக்கும் என்று வருடக்கணக்கில் நானும் நீயும், கம்பெனி ஒவ்வொரு தடவை செய்து அனுப்பும் தோட்டாவையும் லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு நாக்கு உண்டு என்று நீதானே சொல்வாய்? பழையதன் நாக்குக்குச் சமைத்ததைப் புதியதற்குப் பரிமாறிவிட்டு, யார் நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று கணக்குப் பார்த்தேன்.

அதோடு விடவில்லை. வர்கீஸ் புதுத் துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் பார்த்துவிட்டு, "சேட்டா, இது கிளீன் பண்ணி எண்ணெய் போட்டு வெச்சது. ஒரு பத்து ரவுண்டு வெறுதே விட்டுட்டு அட்டைக்குச் சுடட்டே?" என்று கேட்டார். பழையதை நீ கடைசியாகச் சுட்ட பிறகு நான் துடைக்கவே இல்லை, அது பழக்கத்தில் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். பஸ்ஸில் சன்னல் பக்கம் திரும்பியிருந்த உன் முகம்கூட அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. அப்படியும், "எதுக்குங்க தோட்டாவ வீணாக்கறீங்க? ரெண்டையும் இருக்கறபடியே சுடுங்க" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சேட்டன் பறஞ்ஞா மதி", நீங்கள் சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டுப் படுத்துச் சுட்டார். மீதி கதை அந்தப் படத்தில் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு நிற்காமல், அந்தச் சோற்றைப் படம் பிடித்து உனக்கே அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் திருவனந்தபுரத்துக்குப் போட்டுப் போக என்று வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். உன் அம்மா வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏனுங்க, புள்ள ஆசப்பட்டு வாங்குன துப்பாக்கி ஆகாதுன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கீங்க. மூஞ்சியப் பாத்தா நோம்பிக்குப் புதுத்துணி எடுத்த மாதிரி இருக்குதே?" என்றாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "உனக்குத் துப்பாக்கியப் பத்தி என்ன தெரியும்?" என்று சீறினேன். "துப்பாக்கியப் பத்தித் தெரியாதுங்க. உங்களப் பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி, நீ அனுப்பியிருந்த செய்தியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'நீங்க சொன்னாச் சரி' என்று சொன்ன பெண், சரி என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். உன் அத்தனை வருட உழைப்பும் ஒரு கிழவனின் பயணச் சீட்டுக்காகப் போய்விடும் என்று அப்போதுதான் உறைத்தது.

நேற்றுக் காலையில் மறுபடி ரேஞ்சுக்குப் போனேன். வர்கீஸிடம், புதியதை முதலில் நன்றாகச் சுட்டுப் பழக்குங்கள், பிறகு அலமாரியில் இருக்கும் எல்லா லாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் சுட்டுப் பாருங்கள் என்றேன். நீல டப்பா அதற்குப் பிடிக்கவே இல்லை, பழகிய பிறகும் ஓட்டைகள் விலகித்தான் விழுந்தன. அடுத்தது பரவாயில்லை. மூன்றாவதாக ஒரு பச்சை டப்பா. ஐந்து தோட்டா சுட்டுவிட்டு வர்கீஸ் எழுந்திருக்கவே இல்லை, தொலைநோக்கியிலேயே கண்ணை வைத்திருந்தார். நான் நடந்து போய் அட்டையை அவிழ்த்து வந்தேன். என் சட்டைப் பையில் இருந்த ஒரு ரூபாய்க் காசை அந்த ஓட்டைகள் மேல் வைத்தேன். எல்லாம் மறைந்தன, ஒன்றின் ஓரம்கூட வெளியே தெரியவில்லை. அதே காசைப் போன வாரம் ஜெயித்த பழைய அட்டை மேல் வைத்துப் பார்த்தேன், இரண்டு ஓட்டை வெளியே நின்றன. ஒருவேளை தற்செயலோ என்று இன்னும் நாலு அட்டை கட்டச் சொன்னேன். நாலிலும் அப்படித்தான். நல்ல துப்பாக்கி என்றால் ஒரு தடவை நன்றாகச் சுடுவது இல்லை, அடுத்த தடவையும் அதையே செய்வது. அந்தப் பல் டாக்டர் நாற்காலி அதைச் செய்தது, கண்ணு. எனக்குப் பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது. நீ அதைப் பார்த்த உடனே சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாய், யாரையும் கேட்காமல்.

அட்டைகளைச் சுருட்டும்போது வர்கீஸ் மெதுவாக, "சேட்டனுக்கு அன்னைக்கே அறியாமாயிருந்து, அல்லே?" என்றார். அன்றைக்கே உங்களுக்குத் தெரியும், இல்லையா என்று கேட்கிறார். என் வயதில் பாதி இருக்கும் அவருக்கு. "அறியாம்", தெரியும் என்றேன். அவர் என்னைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதையும் நான் மூடி மறைத்திருக்கிறேன். போன ஆடி மழையில் தினமும் காலையில் பழைய துப்பாக்கியின் குறி ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்ததே, நீ குறி பார்க்கும் சைட்டை இரண்டு கிளிக், மூன்று கிளிக் என்று திருப்பிக்கொண்டே இருந்தாயே. காற்று என்று சொன்னேன். காற்று இல்லை. அந்த மரக்கட்டை வயதாகி ஈரத்தைக் குடிக்கிறது. குடித்து ஊதினால் உள்ளே இருக்கும் குழலை ஒரு பக்கமாக நெருக்கும். நம் பெருமாட்டி வெயிலில் அது தெரியாது. தேர்வு நடப்பது கொட்டுகிற மழையில், கடலோர ஊரில். முதல் நாள் ஒரு இடத்தில் விழும், மறுநாள் வேறு இடத்தில் விழும். நீ உன் மூச்சில் குறை தேடுவாய், கையில் குறை தேடுவாய். குறை கட்டையில் இருக்கும். மரத்தைச் சொல்லி என்ன, மனுஷனும் அப்படித்தான். வயதானால் எதையாவது குடித்து ஊதிக்கொண்டு, பக்கத்தில் இருப்பதை நெருக்குகிறான்.

ஆகையால் செய்ய வேண்டியது இதுதான். புதுத் துப்பாக்கியைப் பதிந்துவிடு. பச்சை டப்பா லாட்டில் சங்கத்தில் மீதி இருப்பதையெல்லாம் உனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று வர்கீஸிடம் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் முன்னதாகவே இறங்கி வா. கன்னத்துத் திருகையும் தோள் திருகையும் உன் உடம்புக்குத் தக்கபடி நீயே வைத்துக்கொள், வர்கீஸ் சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, உனக்கு ஒத்து வராததை விட்டுவிடு. தேர்வு முடியும் வரை குழலுக்குள் எண்ணெய் போடாதே. எவராவது நல்ல மனுஷன் துடைத்துத் தருகிறேன் என்று வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடு.

மாப்பிள்ளை அன்றைக்குப் போனில், "மாமா, நீங்க கால் வலியோட அலைய வேண்டாம். நான் அவ கூடப் போயிட்டு வாரேன். பெட்டிய நான் தூக்கிக்கிடுதேன்" என்றார். தங்கமான பிள்ளை. எஸ்டேட் ரோட்டில் ஜீப் ஓட்டிப் பழகியவர், பாதையைப் பார்த்து ஓட்டுவார், உன்னையும் பார்த்துக்கொள்வார். ஆனால் கார்த்தி, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அவள் பையைத் தூக்குங்கள், குடையைப் பிடியுங்கள், ஃபிளாஸ்க்கில் டீ வைத்துக் கொடுங்கள். அந்தப் பெட்டியை மட்டும் தூக்காதீர்கள். சட்டப்படியும் அது அவள் கையில்தான் இருக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும். அன்பாகத்தான் தூக்க ஆரம்பிப்போம். நாளானால் நாம் இல்லாமல் அது நகராது என்று நமக்கே ஒரு நினைப்பு வந்துவிடும். நான் அந்தப் பாதையில் வெகுதூரம் போய்த் திரும்பியவன், அதனால் சொல்கிறேன்.

தாரணி, நீங்க கூட வருவீங்கல்ல என்று கேட்டாயே, அதற்கு இப்போது மறுபடி பதில் சொல்கிறேன். இந்தத் தடவை வரமாட்டேன். கோபமும் இல்லை, கால் வலியைச் சாக்குச் சொல்லவும் இல்லை. நான் வந்தால் நீ திரும்பிப் பார்ப்பாய். இத்தனை வருடப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போகாது. அடுத்த போட்டிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு, டிக்கெட் எடுத்து, சுற்றிப் பார்க்க வருகிறவன் மாதிரி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். தேய்த்த சட்டை அப்படியே மடித்து இருக்கிறது. பழைய துப்பாக்கியை விற்கமாட்டேன், அது கடலைக்காட்டுக்கு வெடி போடட்டும். உன் அம்மா பட்டாசு விலையைச் சொல்லிக் குத்திக் காட்டட்டும், எங்களுக்கும் பேச ஏதாவது வேண்டுமே.

எனக்குக் கஷ்டமாக இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, சாமி. நீ கட்டிக்கொண்டு போன அன்றைக்குக்கூட இத்தனை இல்லை. அன்றைக்குத் துப்பாக்கி இருக்கிறது, எப்படியும் என்னைக் கூப்பிடுவாள் என்று ஒரு தைரியம் இருந்தது. இப்போது அந்தத் தைரியத்தை நானே என் கையால் உன்னிடம் அனுப்புகிறேன். மன்னித்துக்கொள் என்று கேட்க அப்பனுக்கு வாய் வராது. நீ புதியதைப் பதிந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பு, அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குக் காலையில் சோதனை மேசையில் பெட்டியைத் திறப்பாய். நம்பரைப் பார்ப்பார்கள். உன் முகத்தைப் பார்க்காமலே, "லைசன்ஸி ஆரா?" என்று கேட்பார்கள். நான் அந்த நேரம் இங்கே தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பேன். உன் பின்னால் யாரும் இல்லை, திரும்பாதே. ஒரு அடி முன்னால் வைத்து, அந்த மேசைக்குக் கேட்கிற மாதிரி நீயே சொல்: "ஞானாணு."

அப்பா